மூட்டியது வேறு, வளர்த்தது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கும்போது நம் நாளிதழ்கள் அடிக்கடி இடறும் ஒரு வினைச்சொல்லைப் பற்றி எழுதுகிறோம். ‘எக்ஸாசர்பேட்’ என்பது அந்தச் சொல். போர், விலைவாசி, வறட்சி, நோய், எல்லைத் தகராறு என்று எந்தச் செய்தியிலும் இது வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழில் பெரும்பாலும் ‘ஏற்படுத்தியது’ என்றோ ‘அதிகரித்தது’ என்றோ அச்சாகிறது. முதலாவது பிழை, இரண்டாவது அரைகுறை. நடையழகு கெட்டுவிட்டதே என்ற வருத்தத்தில் இதைப் பிழை என்று சொல்லவில்லை. பழி யார் தலையில் விழுகிறது என்பதே இதனால் மாறிவிடுகிறது.

ஏற்கெனவே கெட்டுக் கிடக்கும் ஒன்றை இன்னும் கெடச் செய்தல் என்பதே இச்சொல்லின் பொருள். அந்த ‘ஏற்கெனவே’ வெளியிலிருந்து ஒட்டவைத்ததல்ல, சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. திடமான உடம்பைக் கெடுக்கலாம், நல்ல உறவை முறிக்கலாம், நிறைந்த களஞ்சியத்தைக் காலி செய்யலாம். இவற்றில் எதற்கும் எக்ஸாசர்பேட் பொருந்தாது. நோயாளி உடம்பு, விரிசல் விட்ட உறவு, பாதி காலியான களஞ்சியம் ஆகியவைதான் இதற்கு இரை.

இந்த வேறுபாட்டின் கனத்தை உணர நம் ஊர்ப் பஞ்சம் ஒன்றையே எடுத்துக்கொள்ளலாம். 1876-ல் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் 1878 வரை நீண்ட அந்தக் கொடுமையைத்தான் நம் பாட்டன் பூட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்றார்கள். பஞ்சம் நடந்துகொண்டிருந்தபோதே, வைஸ்ராய் லிட்டன் காலத்தில், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஏறத்தாழ 3,20,000 டன் கோதுமை கப்பலேறியது. நிவாரண வேலைக்கு வந்த ஆண் கூலிக்கு நாள் ஒன்றுக்கு 450 கிராம் அளவு தானியமும் ஓர் அணாவும் போதும் என்றார் பஞ்ச நிவாரணத் தூதராக அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள். பெண்களுக்கும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு. நாள் முழுக்க மண் வெட்டுகிறவனுக்கு 680 கிராம் தானியமாவது வேண்டும், அதோடு புரதமும் சேர வேண்டும் என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார்.

இப்போது ஆங்கிலத்தில், ‘அரசின் போக்கு பஞ்சத்தை எக்ஸாசர்பேட் செய்தது’ என்று ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘அரசின் போக்கு பஞ்சத்தை ஏற்படுத்தியது’ என்று தமிழாக்கினால் மழை பொய்த்த கதை காணாமல் போகிறது. ‘மழையின்மையால் பஞ்சம் அதிகரித்தது’ என்று சுருக்கினால் கப்பலும் கூலிவெட்டும் காணாமல் போகின்றன. பஞ்சத்தை மூட்டியது வானம், வளர்த்தது ஆட்சி. மூலத்தில் இரண்டும் இருக்கின்றன. தமிழிலும் இரண்டும் இருக்க வேண்டும்: ‘மழை பொய்த்ததால் வந்த பஞ்சத்தை அரசின் போக்கு மேலும் கொடியதாக்கியது’. இதற்கு மேல் ஒரு சொல்கூடத் தேவையில்லை.

சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் பொருள் மறக்காது. லத்தீனில் ‘அகெர்புஸ்’ என்று ஒரு பெயரடை உண்டு. கசப்பு, புளிப்பு, கடுமை என்றெல்லாம் அகராதிகள் பொருள் சொல்லும். அடிப்படையில் அது பழுக்காத காயின் சுவை. பிஞ்சு வாழைக்காயையோ கொய்யாப் பிஞ்சையோ கடித்தால் நாக்கு இழுத்துக்கொண்டு வறண்டு சொரசொரப்பாகிறதே, அதுதான். காயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதால் நாக்கின் வழவழப்பு போய்விடுகிறது. அகெர்புஸுக்கு முன்னால் ‘முழுக்க, அடியோடு’ என்று அழுத்தம் தரும் ‘எக்ஸ்’ சேர்ந்து ‘எக்ஸ்அகெர்பாரே’ ஆனது. ஒருவனை அல்லது ஒன்றைக் கடுகடுக்க வைத்தல் என்று பொருள். ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது பெயர்ச்சொல் வடிவம், 1400 வாக்கில். வினைச்சொல் 1650-களில்தான் தலைகாட்டுகிறது.

இளவயதில் நேர்ந்த சாவையும் ரோமர்கள் இதே பெயரடையால் குறித்தார்கள். கனியாமல் உதிர்ந்த காய் என்று அர்த்தம். பிஞ்சிலே வெம்பியது என்று நாம் சொல்வதற்கு வெகு அருகில் இருக்கிறது இது. இன்னும் சுவையான ஒற்றுமை எதிர்ச்சொல்லில் கிடைக்கிறது. கேடு விளைவிக்கும் ஒன்றைத் தணித்தல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் ‘மிட்டிகேட்’ என்கிறார்கள். அதன் பின்னாலிருக்கும் லத்தீன் ‘மீட்டிஸ்’ மென்மையைக் குறிக்கும், கனிந்த பழத்தையும் குறிக்கும். ஆக, கெடுதலை வளர்ப்பது காயின் வேலை, தணிப்பது கனியின் வேலை. தமிழனுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. கனிவு என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. இன்சொல் இருக்கக் கடுஞ்சொல் பேசுவதைக் ‘கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று’ என்று நூறாவது குறள் சொல்கிறது. எந்த லத்தீன் அகராதியையும் பாராமல் வள்ளுவர் கண்ட உவமை அது.

அகெர்புஸுக்கும் பின்னால் போனால் ‘ஆகெர்’, அதாவது கூரிய என்ற சொல் வருகிறது. அதற்கும் பின்னால், கூர்மையைக் குறிக்கும் ‘அக்’ என்ற இந்தோ-ஐரோப்பிய வேரை மொழியியலாளர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். இந்தக் குடும்பம் பெரியது. ஆசிட் இதன் பிள்ளை. கத்தி விளிம்பைக் குறிக்கும் ‘எட்ஜ்’ இதன் பிள்ளை. ஊசி குத்தும் அக்குபங்சரின் முதல் பாதி இதுதான். வினிகர் என்பது பிரெஞ்சில் ‘புளித்த மது’. அதில் புளித்த என்ற பாதி இங்கிருந்து வந்தது. கிரேக்கக் கிளையில் ஆக்சிஜன் இருக்கிறது. எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கிறது என்று நம்பிப் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே வைத்த பெயர் அது, ‘புளிப்பைப் பிறப்பிப்பது’ என்று பொருள். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் துளியும் இல்லை என்று பின்னால் தெரிந்தும் பெயர் நிலைத்துவிட்டது. ஒருவனை உசுப்பேற்றுவதை ஆங்கிலத்தில் ‘எக் ஆன்’ என்பார்கள். அங்கே வரும் எக், முட்டை அல்ல. கூர்தீட்டுதல் என்ற பழைய நார்ஸ் சொல். முட்டையடிப்பதோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு.

இதே வேரின் சமஸ்கிருத வாரிசு ‘அச்ரி’. முனை, மூலை, வாளின் விளிம்பு என்று பொருள். மூன்று மூலை கொண்டது, நான்கு மூலை கொண்டது என்ற பொருளில் பிறந்த சொற்கள்தான் நம் கச்சேரி மேடையில் திஸ்ரமும் சதுஸ்ரமுமாக நிற்கின்றன. தாளம் போடும் கைக்கும் நெருக்கடியை வளர்க்கும் வினைச்சொல்லுக்கும் இப்படி ஒரு தூரத்து உறவு!

மருத்துவத்துக்கு வருவோம். செய்தியாளர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், விளைவும் இங்கேதான் பெரிது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில், அதாவது சிஓபிடியில், ‘அக்யூட் எக்ஸாசர்பேஷன்’ என்பது அன்றாடம் புழங்கும் சொல். நோயாளிக்கு வழக்கமாக இருக்கும் இரைப்பும் இருமலும் சளியும் 14 நாளுக்குள் சட்டென்று எல்லை மீறிக் கூடுவதே அது. 1987-ல் ஆந்தோனிசனும் அவர் குழுவினரும் வகுத்த அளவுகோலை இன்றும் மருத்துவர்கள் கையாளுகிறார்கள். மூச்சுத்திணறல் கூடியிருக்கிறதா, சளியின் அளவு கூடியிருக்கிறதா, சளி சீழ்நிறமாகியிருக்கிறதா என்று மூன்று கேள்விகள். மூன்றும் இருந்தால் முதல் வகை, இரண்டு இருந்தால் இரண்டாம் வகை. ஒன்றே ஒன்று இருந்து, கூடவே காய்ச்சல், அண்மையில் சளிப்பிடித்தது போன்ற துணை அறிகுறி ஏதேனும் இருந்தால் மூன்றாம் வகை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் பயன் தெளிவாகத் தெரிந்தது முதல் வகையில்தான்.

இந்த நிலையைத் தமிழில் ‘நோய் முற்றியது’ என்று எழுதுகிறார்கள். தவறு. முற்றுதல் திரும்பி வராத பாதை. முற்றிய கத்தரிக்காய் மறுபடி பிஞ்சாகாது. எக்ஸாசர்பேஷன் அப்படியல்ல. சரியான நேரத்தில் மருந்து கொடுத்தால் தணியக்கூடியது, பலர் பழைய நிலைக்கு அருகே திரும்பிவிடுகிறார்கள். நோய் மெல்ல மெல்ல மீளாத கட்டத்துக்குப் போவதற்கு ஆங்கிலத்தில் ‘புரோக்ரஷன்’ என்று தனிச்சொல் உண்டு, முற்றுதலை அதற்கு வைத்துக்கொள்ளலாம். தாத்தாவுக்கு நோய் முற்றிவிட்டது என்று படிக்கிற குடும்பம் நம்பிக்கை இழக்கிறது. இழுப்பு திடீரென்று கடுமையாகிவிட்டது என்று படித்தால் ஆட்டோ பிடிக்கிறது. சொல்லின் மூலத்தில் பழுக்காத காய் இருக்க, தமிழில் பழுத்து முற்றிய காயை வைப்பது ஒரு வேடிக்கை.

‘அக்யூட்’ என்பதைத் தீவிர என்றும் எக்ஸாசர்பேஷனைத் தீவிரமடைதல் என்றும் தனித்தனியே பெயர்த்து, ‘தீவிரத் தீவிரமடைதல்’ என்று எழுதுவதும் நடக்கக்கூடியதே. சொற்பிறப்பின்படி பார்த்தால் அது தப்பே இல்லை, இரண்டுமே கூர்மை என்ற ஒரே வேரில் முளைத்தவை! ஆனால் படிக்கிறவருக்கு அது உதவாது. ‘திடீர்க் கடுமை’ என்றால் போதும். ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் அழற்சி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பேச்சு நடைக் கட்டுரையானால் மக்கள் சொல்வதுபோல ‘மூட்டுவலி கிளம்பிவிட்டது’ என்றே எழுதலாம்.

ஒலியாலும் எழுத்தாலும் இச்சொல்லோடு குழம்பும் இன்னொன்று ‘எக்ஸாஸ்பரேட்’. இதன் லத்தீன் மூலம் ‘அஸ்பெர்’, சொரசொரப்பானது என்று பொருள். ஒருவரின் பொறுமையை அறுத்து எரிச்சலூட்டுவது இதன் இன்றைய வேலை. செயப்படுபொருள் யார், எது என்று பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆள் என்றால் எக்ஸாஸ்பரேட், நிலைமை என்றால் எக்ஸாசர்பேட். அமைச்சர் எரிச்சலடைந்தார் என்பது முன்னது, அமைச்சரின் பேச்சால் தகராறு வலுத்தது என்பது பின்னது. பழைய நூல்களை மொழிபெயர்ப்பவர்கள் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றின் வேலையை மற்றொன்று பார்த்திருக்கின்றன. ‘எக்ஸ்அகெர்பாரே’ என்ற லத்தீன் சொல்லேகூட மனிதரைச் சீண்டுவதற்கு ஏராளமாகப் பயன்பட்டது. லத்தீன் விவிலியத்தில் எபிரெயருக்கு எழுதிய நிருபம் 3:8-ல் இதன் பெயர்ச்சொல் வருகிறது. அதே இடத்தில் தமிழ் வேதாகமம் ‘வனாந்தரத்திலே கோபமூட்டினபோதும்’ என்கிறது. மூலத்தில் அங்குள்ள கிரேக்கச் சொல்லும் கசப்பிலிருந்தே பிறந்தது.

உச்சரிப்பில் நான்கு அசை: இக்-ஸா-ஸர்-பேட். அழுத்தம் இரண்டாவது அசையில். நடுவே ஓர் அசையை விழுங்கி ‘எக்ஸர்பேட்’ என்பது தொலைக்காட்சி விவாதங்களில் காதில் விழுகிறது.

நெருங்கிய பொருளுள்ள வேறு சொற்களையும் சுருக்கமாகப் பிரித்துக் காட்டுவது நல்லது. ‘டிட்டீரியரேட்’ பெரும்பாலும் தானாகக் கெடுவது; பாலம் பராமரிப்பின்றிச் சிதைவது, உடல்நிலை சரிவது. ‘இம்பேர்’ என்பது குறைபடுத்துவது, அதன் அடியில் ‘இன்னும் மோசமான’ என்ற லத்தீன் சொல் ஒளிந்திருக்கிறது. ‘வர்ஸன்’ பொதுச்சொல். தானாக மோசமாவதற்கும் பிறர் மோசமாக்குவதற்கும் அது பொருந்தும்.

‘அக்ரவேட்’ மட்டும் நின்று பேச வேண்டிய சொல். இதன் வேர் சுவையல்ல, எடை. லத்தீனில் ‘கிராவிஸ்’ என்றால் கனமான. வடமொழி ‘குரு’ இதன் உடன்பிறப்பு, அதற்கும் முதற்பொருள் கனமானது என்பதே. ஆகவே அக்ரவேட் என்றால் பாரம் ஏற்றுதல். நீதிமன்றச் செய்திகளில் இந்தப் பொருளைக் கைவிட்டால் தடுமாற்றம்தான். மரண தண்டனை வழக்குகளில் குற்றத்தின் கனத்தைக் கூட்டும் சூழ்நிலைகளையும் தணிக்கும் சூழ்நிலைகளையும் எடைபோட வேண்டும் என்பது 1980-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பச்சன் சிங் வழக்கிலிருந்து வரும் நெறி. இரண்டையும் வரவு செலவுக் கணக்குபோல எதிரெதிரே எழுதிப் பார்க்கச் சொன்னது 1983-ல் மச்சி சிங் வழக்குத் தீர்ப்பு. கூட்டுவதற்கு அக்ரவேட், தணிப்பதற்கு முன்பு சொன்ன அதே மிட்டிகேட்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிய செய்திகளில் நடப்பதைப் பாருங்கள். 2012-ஆம் ஆண்டின் அச்சட்டத்தின் 5-ஆம் பிரிவில் ‘அக்ரவேட்டட்’ என்று தொடங்கும் குற்றத்தைக் ‘கடுமையான பாலியல் வன்முறை’ என்று தமிழில் எழுதிவிடுகிறோம். படிப்பவர், அடி உதை அதிகமாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறார். மற்றப் பிரிவில் வருவது கடுமையற்றது போலும் என்ற எண்ணமும் சேர்ந்துவிடுகிறது. சட்டம் பார்ப்பது வேறு. குற்றவாளி காவல்துறையினரா, அரசு ஊழியரா, பள்ளி அல்லது மருத்துவமனைப் பணியாளரா, உறவினரா, குழந்தை 12 வயதுக்குக் கீழா, கூட்டாகச் செய்தார்களா என்பன போன்றவற்றை அது பார்க்கிறது. காக்க வேண்டியவனே செய்ததால் குற்றத்தின் எடை கூடுகிறது. 2019 திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 20 ஆண்டுகள். ‘கனம் கூடிய குற்றம்’ என்று எழுதி, எந்தக் காரணத்தால் கூடியது என்று ஒரு தொடரில் சொல்லிவிடுவதே சரியான வழி. குழந்தை 12 வயதுக்குட்பட்டது என்பதால், அல்லது செய்தவர் ஆசிரியர் என்பதால், என்று.

அடுத்தது ‘காம்பவுண்ட்’. சிக்கலைக் காம்பவுண்ட் செய்தது என்றால் சிக்கலின் மேல் சிக்கல் சேர்ந்தது. கூட்டு வட்டியில் வரும் அதே கூட்டு. ஒன்றாகச் சேர்த்து வைத்தல் என்பதே லத்தீன் மூலம். மருந்துகளைச் சேர்த்துக் கலக்கிக் கொடுத்ததால்தான் கம்பவுண்டர் கம்பவுண்டர் ஆனார். காம்பவுண்டு சுவர் மட்டும் இந்தக் குடும்பம் அல்ல. அது பெரும்பாலும் மலாய் மொழியின் ‘கம்போங்’ வழி வந்தது. நீதிமன்றச் செய்தியில் ‘குற்றம் காம்பவுண்ட் செய்யப்பட்டது’ என்று வந்தால் பொருள் தலைகீழ். இரு தரப்பும் இணங்கி வழக்கை முடித்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். இதற்கு இடம் தருவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 359-ஆவது பிரிவு. நீதிமன்ற அனுமதியின்றி இணங்கக்கூடிய குற்றங்கள் ஒரு பட்டியல், அனுமதியோடு இணங்கக்கூடியவை இன்னொரு பட்டியல். இதைப்போய் ‘குற்றம் மேலும் மோசமாக்கப்பட்டது’ என்று பெயர்த்தால் சமாதானமானவர்கள் மறுபடி சண்டைக்கு வருவார்கள்.

இனி, எக்ஸாசர்பேட்டுக்குத் தமிழில் என்ன எழுதுவது? ஒரே சொல்லைத் தேடுவதுதான் முதல் தவறு. ஆங்கிலத்தில் எந்தக் கெடுதலோடும் சேரும் பொதுவினை அது. தமிழில் ஒவ்வொரு கெடுதலுக்கும் அதற்கென வினை வைத்திருக்கிறோம். சண்டை மூளும், பிறகு வலுக்கும். ‘மூண்டது’ தொடக்கம், ‘வலுத்தது’ எக்ஸாசர்பேட். இந்த ஒரு இணையை மனத்தில் வைத்துக்கொண்டால் மோதல் செய்திகளில் பாதிப் பிழை போய்விடும். பகை முற்றும், இங்கே முற்றுதல் பொருத்தமே. புண் புரையோடும். ஆறிக்கொண்டிருந்த புண்ணை ஒருவர் தொட்டால் கிளறினார் என்போம். தட்டுப்பாடு கடுமையாகும். கடன் பெருகும், ஏற்றத்தாழ்வு அகலும் அல்லது ஆழமாகும். வதந்தியால் பீதி பரவும், கலவரம் கட்டுமீறும். பொருளுக்கேற்ற வினையை எடுத்துக்கொண்டு, முன்னால் ‘மேலும்’ அல்லது ‘இன்னும்’ சேர்த்தால் மூலத்தின் ‘ஏற்கெனவே’ தமிழுக்கு வந்துவிடும். வாக்கியம் இடம் தந்தால் ‘ஏற்கெனவே இருந்த’ என்றே எழுதலாம்.

‘அதிகரித்தது’ எப்போது சரி? எண்ணால் அளக்கக்கூடியது கூடியபோது. பற்றாக்குறை, விலை, வேலையின்மை விகிதம். எக்ஸாசர்பேட் அளவைச் சொல்லும் வினையல்ல, தன்மையைச் சொல்லும் வினை. மோதல் அதிகரித்தது என்றால் மோதல்களின் எண்ணிக்கை கூடியதா, ஒரே மோதல் கொடூரமானதா என்று வாசகருக்குத் தெரியாது.

பழமொழிகளைக் கையாளும்போது கவனம் வேண்டும். ‘எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியது போல’, ‘வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல’ இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஒரு கை இருக்கிறது, அந்தக் கைக்கு ஒரு நோக்கமும் இருக்கிறது. எக்ஸாசர்பேட்டில் நோக்கம் கிடையாது. வறட்சி நோயை வளர்க்கும், வெயில் தீயை வளர்க்கும், நல்லெண்ணத்தோடு போட்ட உத்தரவும் நெருக்கடியை வளர்க்கும். ஓர் அரசாணை தட்டுப்பாட்டைக் கடுமையாக்கியது என்று மூலம் சொல்ல, தமிழில் எண்ணெய் ஊற்றினால் செய்தி குற்றச்சாட்டாகிவிடும். தலையங்கத்தில் ஊற்றிக்கொள்ளலாம், செய்தியில் வேண்டாம்.

ஆங்கிலத்தின் செயப்பாட்டு அமைப்பும் கண்ணி வைக்கிறது. இந்த வினைக்குச் செயப்படுபொருள் கட்டாயம். ஒன்று தானாக எக்ஸாசர்பேட் ஆகாது, மற்றொன்றுதான் அதைச் செய்ய வேண்டும். ஆனால் செய்தி முகமைகள் ‘பருவநிலை மாற்றத்தால் எக்ஸாசர்பேட் செய்யப்பட்ட வெள்ளம்’ என்ற வடிவில் எழுதும். அவசரத்தில் அது ‘பருவநிலை மாற்றத்தால் ஏற்பட்ட வெள்ளம்’ ஆகிவிடுகிறது. அறிவியலாளர் சொன்னது அதுவல்ல. வெள்ளம் வருவதற்குப் பருவமழையும் நிலவமைப்பும் இருக்கின்றன. வெப்பமான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமப்பதால் மழை மேலும் கனத்தது என்பதே அவர்கள் சொல்ல வருவது. ‘பருவநிலை மாற்றத்தால் மேலும் கடுமையான வெள்ளம்’ என்று எழுதினால் அறிவியலுக்கும் நேர்மை, தமிழுக்கும் இயல்பு. ‘எக்ஸாசர்பேட் செய்யக்கூடும்’ என்று மூலத்தில் இருக்கும் ‘கூடும்’ தமிழில் உதிர்ந்துபோவதையும் கவனிக்க வேண்டும். எச்சரிக்கை நடந்த செய்தியாக மாறிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. எப்படி வளர்ந்தது என்று மூலத்திலேயே இருந்தால், வினையை விட்டுவிட்டு அதைச் சொல்வது. ‘வடிகால் அடைப்பு வெள்ளப் பாதிப்பை மோசமாக்கியது’ என்பதைவிட ‘வடிகால்கள் அடைபட்டிருந்ததால் தண்ணீர் வடிய இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தது’ என்பது தெளிவு. மோசமாக்கியது என்ற சொல்லே வேண்டியதில்லை, வாசகருக்குப் புரிந்துவிடும். மூலத்தில் நாள் கணக்கு இல்லையென்றால் மட்டும் நாமாகச் சேர்க்கக் கூடாது.

தலைப்பில் இடமில்லை என்பது செய்திமேசையின் நியாயமான முறையீடு. ‘மேலும்’ என்பது மூன்றே எழுத்து. ‘மழையின்மையால் பஞ்சம்; ஏற்றுமதியால் மேலும் கடுமை’ என்பது இரண்டு வரித் தலைப்பில் அடங்கும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புப் பணியிலுள்ள தங்கள் வாசகர்கள் இருவர்,
மதுரை.